எருசலேம் வாசலை நட்ட இடம்

ஜிகினாத் தாள் ஒட்டிய அட்டைக் கிரீடம். பசை இன்னும் காயவில்லை. நெற்றியில் ஈரமாக ஒட்டிக்கொண்டு, புளித்த மைதா வாடை மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் நான் ரோமாபுரி இராயன்.

அறுபதுகளின் தொடக்கம். உத்திரமேரூரில் பஸ் இறங்கி நாலு மைல் நடந்தால் எங்கள் ஊர். சேரியில் ஒரு சின்னச் சிலுவைக் கோயில். அதுவரை மே மாதத்தில், ஏலேன் ராணி சிலுவையைக் கண்டெடுத்த திருநாளைத்தான் கொண்டாடிவந்தோம். அறுப்பு முடிந்து வேலை இல்லாத மாதம் அது. நாடகம் கோயில் வாசலோடு முடிந்துவிடும், ஊருக்கும் எங்களுக்கும் தகராறு வராது.

பிறகு, மே மாதத் திருநாளை ரோமாபுரியிலேயே நிறுத்திவிட்டார்கள் என்றார் பங்குச் சாமியார். இனி செப்டம்பர் பதினாலு மட்டும்தான்.

செப்டம்பர் நடவுக் காலம். ரோமாபுரிக்கு அது எப்படித் தெரியும்?

செப்டம்பர் திருநாளின் கதை வேறு. பாரசீகர்கள் தூக்கிப்போன சிலுவையை ஏராக்ளியு இராயன் போரில் வென்று மீட்டுவருகிறான். கிரீடமும் பட்டும் செருப்புமாக, சிலுவையைத் தோளில் சுமந்து எருசலேம் வாசலுக்கு வந்தால் கால் நகரவில்லை. "ஆண்டவர் இந்த வழியில் வெறுங்காலோடு போனார்" என்கிறார் அந்த நகரத்து ஆயர், மேற்றிராணியார். இராயன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உள்ளே நுழைகிறான்.

மேற்றிராணியார் வேடம் என் நைனாவுக்கு. பண்ணையில் ஏர் ஓட்டுகிறவர்தான், ஆனால் கோயில் பாட்டெல்லாம் அவர் கட்டியது. நான் வாத்தியார் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்தேன். சேரியில் பக்கிள் வைத்த தோல் செருப்பு என்னிடம்தான் இருந்தது. அதனால் நான் இராயன்.

ஊர்வலம் ஏரிக்கரையில் புறப்பட்டு ஊர்த்தெரு வழியாகச் சேரிக்கு வர வேண்டும். ஊரில் பாதி நிலத்தை வைத்திருந்த ஆண்டை அதற்குச் சம்மதித்ததே பெரிது. அந்தத் தெருவில் நாங்கள் யாரும் செருப்போடு நடந்ததில்லை. முனையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வேன், மறுமுனையில் போட்டுக்கொள்வேன். சரித்திரப் பாடத்தில் முதல் மார்க் வாங்கியவனும் அப்படித்தான் போக வேண்டும்.

ஒத்திகையில்தான் எனக்கு உறைத்தது. மூங்கிலும் கீற்றும் கட்டிய எருசலேம் வாசலைக் கோயில் முன்னால் நட்டிருந்தார்கள். அப்படியானால் இராயன் ஊர்த்தெரு முழுக்கச் செருப்போடு நடப்பான். கதையே அப்படி. யார் என்ன கேட்க முடியும்?

"ஆண்டை வூட்டாண்ட சரக்கு சரக்குனு தேச்சிக்கினு போவியாடா?" என்றான் என் கூட்டாளி சின்னப்பன்.

"ராசாடா நானு. ராசா வேற எப்பிடி போவான்?"

சிரித்தோம். அந்தச் சிரிப்பு யார் காதில் விழுந்ததோ...

திருநாள் அன்று காலையில் ஆண்டை வரப்பில் நின்று நைனாவைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"ராசா வேசம் உன் புள்ளைக்காமே?"

"ஆமா ஆண்டே."

"சூதானமா ஆடச் சொல்லு. நாளைக்குப் பெரிய கழனில நடவு. உங்க பொம்பளைங்க வர்றாங்க இல்ல?"

அவ்வளவுதான். குரல்கூட உயரவில்லை.

"பயந்துக்கினியா நைனா?" என்றேன் வழியில்.

"பாட்ட மறந்துடாத. அத்த பாரு மொதல்ல."

சாயங்காலம் பூவரசஞ்சிலுவை தோளை அறுத்தது. பின்னால் சேரி முழுக்கப் பாடிக்கொண்டு வந்தது. நான் செருப்புச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நடந்தேன். ஊர்த்தெரு முனையில் திரும்பினேன்.

எருசலேம் வாசல் அங்கே நின்றது.

மத்தியானம்வரை கோயில் முன்னால் இருந்த அதே மூங்கில். அடியில் புது மண். காகிதத் தொப்பியும் கோலுமாக நைனா அதன் கீழே நின்றிருந்தார். நாலு வீடு தள்ளி, நாற்காலியில் ஆண்டை.

ஆண்டவர் வெறுங்காலோடு போன பாட்டை நைனா பாடினார். நான் அசையவில்லை. மறுபடியும் பாடினார்.

கதைப்படி இராயனின் கால் நகரக் கூடாது. அதனால் கூட்டத்துக்கு வித்தியாசமே தெரியவில்லை. "எப்பிடி நிக்கிறான் பாரு! மெய்யாவே ராசா மாரி கீறான்" என்று ஒரு கிழவி சொன்னது கேட்டது.

நைனா கிட்டே வந்தார். "கழட்டுடா."

"மாட்டேன்."

"நாப்பது பொம்பளைங்க நாளைக்கு நடவுக்குப் போவணும். கழட்டு."

"நீதான் மாத்தி நட்டியா?"

நைனா கோலைக் கீழே வைத்தார். அவ்வளவு பேர் முன்னால் குனிந்து, என் காலைப் பிடித்து, பக்கிளை அவரே அவிழ்த்தார். சேற்றில் ஊறிய அந்தக் கைகளுக்குப் பக்கிள் பழக்கமில்லை. நேரம் ஆனது. காலை உதறியிருக்கலாம். பெற்றவர் முகத்தில் படும்.

கூட்டம் "சேசுவே" என்று உருகியது. மேற்றிராணியார் இராயனின் காலைத் தொடுவது புதுக் காட்சி என்று நினைத்திருப்பார்கள்.

"அப்பனும் மவனும் நல்லாத்தான் ஆடுறீங்கய்யா" என்றார் ஆண்டை.

வெறுங்காலோடு அந்தத் தெருவைக் கடந்தேன். என் கண்ணீரைச் சாமியார் பிரசங்கத்தில் புகழ்ந்தார்.

மறுநாள் நாற்பது பேரும் நடவுக்குப் போனார்கள். என் அம்மாவும்.

அதன் பிறகு பதினோரு வருஷம் நைனாவோடு நான் பேசவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்தபோதுதான் கேட்டேன். ஏன் மாற்றி நட்டாய்?

"நீ நடந்துட்டு பஸ் ஏறிப் பூடுவ. மறுநாளு அதே தெருவுல நாத்துக்கட்டு தூக்கிக்கினு நடக்கறவங்க நாங்கடா."

சரியான பதில்தான். எனக்கு ஆறவில்லை. ஆண்டைமேல் இருக்கும் கோபம்கூட எங்கேயோ மழுங்கிவிட்டது, இவர்மேல் இருப்பது அப்படியே இருக்கிறது.

முப்பத்தைந்து வருஷம் ஆகிவிட்டது, இப்போது அந்தத் தெரு தார் ரோடு. எங்கள் பிள்ளைகள் ஷூ போட்டுக்கொண்டு சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். வெளிப்படையாக யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆண்டையின் பேரன் என்னை "சார்" என்கிறான். நான் தலையை மட்டும் ஆட்டுவேன்.

செப்டம்பர் பிறந்தால் சின்னப்பன் போன் செய்வான்.

"இந்த வருசமாச்சும் வாடா. ராசா வேசத்துக்கு நாலு பேரு சண்ட போட்டுக்கினு கீறானுங்க. மேற்றிராணியாருக்குத்தான் ஆளு இல்ல. உனுக்கு அச்சு அசலு உங்க நைனா மூஞ்சி."

காலாண்டுப் பரீட்சை, லீவு கிடைக்காது என்பேன். போனை வைத்துவிடுவேன். அப்புறம் அன்று முழுக்க, ஒரு வரி விடாமல், அவருடைய அந்தப் பாட்டுதான் வாயில் வந்துகொண்டிருக்கும்.