ஏசி நின்ன சத்தம்

இது கட்டுக்கதை இல்லைங்க. என் வண்டியில, என் பொண்ணுக்கு நடந்தது. நம்பாதவங்க செஞ்சிக்கு வந்து, திருவண்ணாமலை ரோட்டுல மெக்கானிக் சமீரைக் கேட்டுக்கலாம்.

மாசி மாசம் ஒரு பழைய கார் வாங்கினேன். விலை ரொம்பக் கம்மி. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல.

நிக்கிற வண்டியில ஏசி போட்டா என்ஜின் சத்தம் கொஞ்சம் ஏறும். கம்ப்ரஸரையும் சேர்த்து இழுக்கணுமில்ல, அதுக்காக. என் வண்டியிலயும் ஏறும். கொஞ்ச நேரத்துல 'டக்'னு ஒரு சத்தம்... ஆர்பிஎம் முள்ளு இறங்கிடும். ஏசி நின்னு அனல் காத்து அடிக்கும். பாத்தா ஹீட்டர் குமிழ் சிவப்பு முனை வரைக்கும் திரும்பியிருக்கும். நம்ம ஊரு வெயில்ல எவன் ஹீட்டர் போடுவான்? என் பொண்ணு சுவாதிதான் நோண்டுறான்னு அவளைத் திட்டித் தீர்த்தேன். நாலு வயசு அவளுக்கு.

"நான் இல்ல நைனா"ன்னு அழுதா.

ஹீட்டருக்குப் போற சுடுதண்ணி பைப்பையே சமீர் கழட்டி அடைச்சுட்டான். "இனிமே சூடு வர வழியே இல்லண்ணா. டென்ஷன் ஆகாம போ."

சித்திரை கடைசி. மதியம் ஒன்னேகால் மணி. சுவாதிக்குக் காய்ச்சல். டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்து, காந்தி பஜார் மெடிக்கல் ஷாப் எதிர்ல நிறுத்தினேன். பின் சீட்டுல தூங்கிட்டிருந்தா. எழுப்ப மனசு வரல. என்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுட்டு இறங்கினேன். சத்தம் ஏறி இருக்கிற வரைக்கும் ஏசி ஓடுதுன்னு அர்த்தம். காதை அங்கேயே வச்சிருந்தேன்.

மருந்துச் சீட்டை நீட்டினேன்.

டக்.

சத்தம் இறங்கிடுச்சு...

ஓடினேன். நாலு கதவும் பூட்டியிருக்கு. நான் பூட்டல. கண்ணாடியில உள்பக்கம் ஆவி படிஞ்சு, தண்ணியா வழியுது.

சுவாதி... சுவாதி...

அசைவே இல்ல.

கல்லெடுத்து முன்கதவுக் கண்ணாடியை உடைச்சேன். அடுப்புக்குள்ள தலைய விட்ட மாதிரி அனல். குமிழ் முழு சிவப்புல. புள்ளையைத் தூக்கினேன். உடம்பு கொதிக்குது. முதுகுப் பக்கம் மட்டும் சட்டை சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. சேத்து வாடை.

மூஞ்சில தண்ணி தெளிச்சதும் கண்ணைத் திறந்தா.

"அந்த அம்மாவுக்குக் குளிருதாம் நைனா... என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல."

பொழைச்சுட்டா. சாமி புண்ணியம்.

மறுவாரம் சமீர் வண்டியோட கார்ப்பெட்டைப் பிரிச்சான். அடியில பூரா காஞ்ச சேறு. வண்டியை வித்துக் கொடுத்த புரோக்கரைப் புடிச்சு உலுக்கினோம். அப்புறம்தான் சொன்னான்.

வெள்ளத்துல, சென்னையில ஒரு சுரங்கப்பாதைக்குள்ள முங்கிக் கிடந்த வண்டியாம். மூணாம் நாள்தான் தூக்கியிருக்காங்க. நாலு கதவும் பூட்டியிருந்துச்சாம். ஹீட்டர் குமிழ் முழு சிவப்புல. பின் சீட்டுல ஒரு பொம்பளை இருந்திருக்கா.

அவகூட வந்த நாலு வயசுப் பொண்ணு மட்டும் இன்னைக்கு வரைக்கும் கிடைக்கலையாம்.