அத்தா கொண்டுவந்த லோஷன்

ஏழாம் வகுப்பு படித்த வருடம், எங்கள் வீட்டில் யார் எதை முகத்தில் பூசிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்தின் பச்சை பேட்ஜ் என் சட்டையில் குத்தியிருந்தது. அதுவே போதும் என்று நினைத்தேன்.

எல்லாம் அறிவியல் டீச்சர் கொடுத்த ஒரு வேலையில் ஆரம்பித்தது. காலையிலிருந்து இரவு வரை உடம்பில் பூசும் பொருள்களை எல்லாம் வீட்டில் பார்த்து எழுதிவரச் சொன்னார். வகுப்பிலேயே என் பட்டியல்தான் நீளம். பாலக்கரையில் நாங்கள் இருந்தது மாடியில் இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. சாமான் அதிகம் கிடையாது. குளியலறை அலமாரியில் மட்டும் ஃபேஸ்வாஷ், குளிக்கிற ஜெல், முகத்துக்கு ஒரு க்ரீம், கைக்கு ஒரு க்ரீம், லோஷன், ஸ்ப்ரே என்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எல்லாம் அத்தா, அதாவது என் அப்பா, துபாயிலிருந்து கொண்டுவந்தவை. அத்தா அங்கே ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவார்.

"க்ரீம் ஒரு மாசத்துல தீர்ந்துடும். அந்த டப்பா உன் பேத்தி காலத்துலயும் மண்ணுல மக்காம கெடக்கும்" என்று டீச்சர் சொன்னது என்னை மிகவும் பாதித்தது. பேத்திக்காக அன்று மாலையே வேலையைத் தொடங்கினேன்.

ஜெல்லுக்குப் பதில் காகித உறையில் வரும் சோப்புக்கட்டி. ஃபேஸ்வாஷுக்குப் பதில் பச்சைப்பயறும் கஸ்தூரி மஞ்சளும் சேர்த்து மில்லில் அரைத்த மாவு. லோஷனுக்குப் பதில் செக்குக் கடையில் தூக்குவாளி கொண்டுபோய் வாங்கிவந்த தேங்காயெண்ணெய். முகம் துடைக்க அம்மாவின் பழைய வாயில் சேலையை வெட்டிய துணிகள். எல்லாவற்றையும் சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டினேன். அம்மா முகம் சுளிக்காமல் பின்பற்றினாள். "நீ சொல்றதும் சரியாத்தான் இருக்கு" என்றாள். கீழ்வீட்டுப் பெண்கள் அம்மாவின் முகம் பளிச்சென்று இருப்பதாகச் சொன்னபோது, எனக்குப் பரிசு கிடைத்தது போல இருந்தது. இன்றுவரை நானும் அந்த மாவைத்தான் பூசுகிறேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. பீரோவின் மேல்தட்டில், அத்தா ஒவ்வொரு லீவிலும் கொண்டுவந்த லோஷன் பாட்டில்கள் தீர்ந்த பிறகும் வரிசையாக நின்றன. வெளிப்புறம் துடைத்து, மூடி போட்டு. மொத்தம் ஒன்பது. கடைசியில் இருந்த பச்சை மூடி பாட்டில் மட்டும் காலியாகவில்லை. போன லீவில் வந்தது, முக்கால்வாசிக்கு மேல் அப்படியே இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் சுற்றுச்சூழல் கண்காட்சி என்று அறிவித்தார்கள். என் மனம் நேராக அந்தப் பீரோவுக்குத்தான் போனது. அம்மாவிடம் கேட்டேன்.

"அத மட்டும் தொடாதம்மா. வேற எத வேணா எடுத்துக்க."

"ஏம்மா?"

"சும்மா இருக்கட்டும்."

சும்மா இருக்கட்டும் என்பதில் அறிவியல்பூர்வமான காரணம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம்தான் அத்தா லீவில் வந்தார். பெட்டியைத் திறந்ததும் கைலியில் சுருட்டிய இரண்டு பாட்டில்களை முதலில் வெளியே எடுத்தார். விமானத்தில் கசிந்துவிடக் கூடாது என்று மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தார். அம்மா கை நீட்டுவதற்குள் நான் சொன்னேன்: "அத்தா, நாங்க இப்ப இதெல்லாம் யூஸ் பண்றதே இல்ல. உள்ள போய்ப் பாருங்க."

அத்தா தோளில் துண்டோடு குளியலறைக் கதவின் முன்னால் வெகுநேரம் நின்று சார்ட்டைப் படித்தார். "கையெழுத்து நல்லா இருக்கும்மா" என்றார். பாட்டில்கள் இரண்டும் கைலியோடு பெட்டிக்குள்ளேயே போயின.

வெள்ளிக்கிழமை காலை அம்மா மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஒன்பது பாட்டில்களையும் ஒரு கட்டைப்பையில் அடுக்கிப் பள்ளிக்கு எடுத்துப்போனேன். அம்மா கொடுத்ததாக டீச்சரிடம் சொன்னேன். உள்ளே எவ்வளவு லோஷன் ஒட்டிக்கொண்டு வீணாகிறது என்று காட்டுவதற்காக ஒவ்வொன்றையும் நெடுக்குவாட்டில் இரண்டாக வெட்டினோம். பச்சை மூடி பாட்டிலில் இருந்ததை வழித்து வகுப்பில் எல்லோர் கையிலும் தடவிவிட்டேன். அன்று மாலை வரை வகுப்பு முழுக்க அந்த வாசனைதான். பிறகு அதையும் வெட்டினோம்.

மறுநாள் கண்காட்சிக்கு அத்தாவே என்னை அழைத்துப்போனார். என் பள்ளிக் காரியம் எதற்கும் அவர் வந்தது அதுதான் முதல்முறை. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டார். பள்ளிக்குப் போய்ப் பையை வாங்கிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினோம். ஸ்ரீரங்கம் வரும்வரை கட்டைப்பையை மடியிலேயே வைத்திருந்தார். ஒருமுறை பையின் வாயைப் பிரிக்கப் போனார். "பாக்காதீங்கத்தா, சர்ப்ரைஸ்" என்று தடுத்தேன். சிரித்தபடி கையை எடுத்துக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரரிடம், "புள்ளைக்கு எக்ஸிபிஷன்ங்க, அதான்" என்று கேட்காமலேயே சொன்னார்.

மேஜைமேல் பாட்டில்களை வரிசையாக வைத்து, நடுவில் அட்டையை நிறுத்தினேன். 'ஒரே ஒரு வீட்டின் குப்பை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன். அத்தா முன்னால் வந்து பார்த்தார். முதல் பாட்டிலிலிருந்து கடைசிப் பாட்டில் வரை மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பச்சை மூடியிடம் வந்ததும் அதைக் கையில் எடுத்து, உட்புறத்தை விரலால் தொட்டுவிட்டுத் திரும்ப வைத்தார்.

நடுவராக வந்த கல்லூரிப் பேராசிரியை நான் சொன்னதை எல்லாம் ஆர்வத்தோடு கேட்டார். "யாரும்மா வீட்டுல இவ்வளவு வாங்குறது?" என்றார்.

"எங்க அத்தா மேடம். துபாய்லேர்ந்து ஒவ்வொரு தடவையும் கொண்டாருவாங்க. இதோ, இவங்கதான்."

பக்கத்து மேஜைப் பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பேராசிரியை அன்பாகத்தான் பேசினார். "பாருங்க சார், குழந்தைக்குத் தெரியுது. இனிமே நாமதான் கவனமா இருக்கணும்."

"சரிங்க மேடம்" என்றார் அத்தா. பள்ளிக்கூடப் பையனைப் போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது அத்தா கேட்டார்.

"அந்தப் பச்சை மூடி போட்டது... அதுல நெறைய இருந்துச்சா?"

"ஆமாத்தா. அம்மா அத தொடுறதே இல்ல. வேஸ்ட்டாத்தான் கெடந்துச்சு."

தலையை ஆட்டினார். பரிசுக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார்.

பையைப் பிரித்துப் பார்த்த அம்மா என்னைத் திட்டவில்லை. வெட்டிய பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு பாதிகளையும் சேர்த்துவைத்துப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் பையிலேயே போட்டுக் கட்டினாள். நான் எதிர்பார்த்த அடி விழாததால், செய்தது சரிதான் என்ற முடிவுக்கு வந்தேன்.

சமையலறையில் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"வாசம் புடிக்கலையா? சொல்லியிருந்தா வேற பாத்து வாங்கியிருப்பேன்ல" என்றார் அத்தா.

பாத்திரத்தைக் கவிழ்த்துவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா சொன்னாள்:

"புடிச்சுச்சுங்க. தீந்துருமேன்னு வச்சிருந்தேன்."

அம்மாவும் சிக்கனத்தைக் கற்றுக்கொண்டாள் என்று எனக்கு ஒரே பெருமை. மறுநாள் காலை சார்ட்டில் ஒரு வரி சேர்த்தேன்: 'எதையும் சிறிதளவே பூசவும். அம்மாவைப் போல.' அத்தா திரும்பி வரும்வரை அவர் தேர்ந்தெடுத்த வாசனை வீட்டில் மிச்சமிருக்க வேண்டும், அதற்காக ஒவ்வொரு துளியாகத் தள்ளிப்போட்டு ஒருத்தி இரண்டு வருடத்தைக் கடத்துவாள் என்பதெல்லாம் நான் படித்த பாடத்தில் இல்லை. அத்தாவுக்கும் பிரியத்தை வேறு விதமாகச் சொல்லத் தெரியாது. போனில் அவர்கள் பேசியதெல்லாம் வாடகையும் என் மார்க்கும்தான்.

லீவு முடிந்து அத்தா போனார். அடுத்த முறை வந்தபோது பேரீச்சம்பழம், பாதாம், எனக்கு ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் கொண்டுவந்தார். அம்மாவுக்கு என்று எதுவும் இல்லை. போனில் கேட்டதற்கு ஒன்றும் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாளாம். நான் பெட்டிக்குள் கைவிட்டு மூலைவரை துழாவிப் பார்த்தேன்.

"ஒரு பாட்டில்கூட இல்ல. சூப்பர் அத்தா" என்றேன்.

அத்தா சிரித்தார். அம்மா டீ போட எழுந்து போனாள். அந்த வீட்டில் அன்று மூன்று பேருக்கும் சந்தோஷம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.