பம்பாயில் கடல் பார்க்கப் போனேன்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூலை மாதம். சவூதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்த நான், இரண்டு வருடம் முடிந்து முதல் விடுமுறையில் பாளையங்கோட்டைக்கு வந்துகொண்டிருந்தேன். வயது இருபத்தைந்து. விடியற்காலை பம்பாயில் இறங்கியாகிவிட்டது. அங்கிருந்து திருவனந்தபுரம் போகும் விமானம் மாலை ஆறு மணிக்குத்தான். உள்நாட்டு விமான நிலையத்துக்கு மாறி உட்கார்ந்தபோது மணி எட்டு. முழுதாகப் பத்து மணி நேரம் கையில் இருந்தது.

என் பக்கத்தில் ஒரு அண்ணாச்சி. விமானத்திலும் பக்கத்து இருக்கை அவர்தான். முப்பத்தைந்து வயது இருக்கும், சாலை போடும் வேலை, வெயிலில் கருத்துப்போன முகம். ஊர் சீவலப்பேரி என்றார். எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம். விமானத்தில் கொடுத்த படிவத்தை அவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து வாங்கி நான் நிரப்பிக் கொடுத்தேன். அதிலிருந்து என்னை விட்டு அவர் நகரவே இல்லை. அவருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது.

அவர் ஊருக்குப் போய் நான்கு வருடம் ஆகிறதாம். கிளம்பும்போது மனைவிக்கு ஐந்து மாதம். பிறந்தது பெண். மூன்றரை வயது ஆகிவிட்டது, இன்னும் நேரில் பார்த்ததில்லை. "ஏர்போட்டுக்கே பிள்ளையத் தூக்கிட்டு வாரேன்னு எழுதியிருக்கா" என்று அந்த ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் தயங்கித் தயங்கி, "தம்பி, மொதல்ல பாக்கும்போது பிள்ளைய என்ன சொல்லிக் கூப்பிடலாம்?" என்று கேட்டார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. என்னத்தைச் சொல்ல?

அவரும் திருவனந்தபுரம்தான். ஆனால் அவருக்கு மதியம் ஒன்றரை மணி விமானம்.

சவூதியில் அறையில் கூட இருந்தவர்கள் நான் கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தார்கள், பம்பாயில் விமான நிலையத்தை விட்டு வெளியே கால் வைக்காதே என்று. நானும் ஒன்பது மணி வரை நல்ல பிள்ளையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். பிறகு அரிப்பு ஆரம்பித்தது. பம்பாய் வரை வந்துவிட்டுச் சுவரையும் நாற்காலியையும் பார்த்துவிட்டா போவது? ஊரில் நண்பர்கள் கேட்டால் என்ன சொல்வது? கடற்கரையை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடி வந்துவிடலாம். லோக்கல் ரயிலில் போனால் ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். விமானம் ஆறு மணிக்கு. எந்தப் பக்கம் கணக்குப் போட்டாலும் நேரம் மிஞ்சியது.

பெட்டிகள்தான் இடைஞ்சல். மூன்று மணிக்கு மேல்தான் வாங்குவோம் என்று கவுன்ட்டரில் சொல்லிவிட்டார்கள். சாமான் வைக்கும் அறையில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அவர் மறுக்க முடியாத மாதிரிதான் கேட்டேன். படிவம் எழுதிக் கொடுத்திருந்தேன், ஆளுக்கொரு டீ வாங்கி வந்திருந்தேன், அதன் பிறகு கேட்டேன்.

"வேண்டாம் தம்பி, தெரியாத ஊரு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி, போயிட்டு வாங்க. பெட்டிய நான் பாத்துக்கிடுதேன். பன்னெண்டுக்குள்ள வந்துருவீகள்லா?"

"அதுக்கு முன்னாடியே வந்துருவேன்."

"வரலன்னா நான் என்ன செய்ய?"

"வராம எங்க அண்ணாச்சி போவேன்?" என்று சிரித்துக்கொண்டே எழுந்தேன்.

கடலைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் பொங்கிக்கொண்டு கரைச்சுவரில் மோதிச் சாலை வரை தெறித்தது. சுவர்மேல் உட்கார்ந்து சோளக்கதிர் தின்றேன். ஒரு போட்டோக்காரரிடம் படம்கூட எடுத்துக்கொண்டேன். பத்தே முக்காலுக்குக் கிளம்பி ரயில் ஏறினேன். அப்போது தூறல்தான். தாதர் வரும்போது பேய்மழை. மாகிம் தாண்டியதும் ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டதாம். பெட்டிக்குள் மூச்சு முட்டுகிற கூட்டம். இதோ கிளம்பும், இதோ கிளம்பும் என்று பன்னிரண்டு ஆயிற்று, பன்னிரண்டரை ஆயிற்று. ஆட்கள் குதித்து நடக்க ஆரம்பித்தார்கள். நானும் குதித்தேன். முழங்கால் வரை தண்ணீர். செருப்பில் ஒன்று போயிற்று, இன்னொன்றை நானே விட்டெறிந்தேன். சாலைக்கு வந்தால் ஆட்டோக்கள் எல்லாம் தண்ணீருக்குள் நிற்கின்றன. நடந்தும் ஓடியும், கடைசியில் ஒரு லாரிக்காரர் புண்ணியத்திலும் விமான நிலையம் வந்து சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால்.

வழியெல்லாம் எனக்கு ஒரே ஒரு பயம்தான். அவர் போயிருப்பார், என் பெட்டிகளும் போயிருக்கும். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

அண்ணாச்சி அதே நாற்காலியில் இருந்தார். என் பெட்டிமேல் ஒரு கால், அட்டைப்பெட்டிமேல் ஒரு கை. என்னைக் கண்டதும் துள்ளி எழுந்தார்.

"வந்துட்டீகளா! ஒண்ணும் ஆகலயே? மழையப் பாத்து எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு. புதுசா வந்த பிள்ள என்ன ஆச்சோன்னு..."

நான் கேட்டது ஒன்றுதான். "உங்க ப்ளேன்?"

"அது போயிட்டு தம்பி. இந்தா, பெட்டியப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைப் பக்கம் ஓடினார். நான் போனதிலிருந்து அந்த மனிதர் பெட்டிகளை விட்டு நகரவே இல்லை.

திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ட்ரிவேண்ட்ரம் என்று நாலு தரம் மைக்கில் சொன்னது அவருக்கும் கேட்டிருக்கிறது. கூட வந்தவர்கள் உள்ளே போவதைப் பார்த்திருக்கிறார். காவல்காரரிடம் பெட்டியைக் காட்டிச் சைகையில் கேட்டிருக்கிறார். ஆள் இல்லாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்று அவரும் சைகையிலேயே சொல்லிவிட்டார். குண்டுகள் வெடித்து அதிக நாள் ஆகவில்லை, அப்போது அந்த ஊரில் ஆளில்லாத பெட்டி என்றாலே எல்லோருக்கும் பயம். ஒரு மலையாளி, "அவன் கெடக்கட்டும், நீ போ" என்றாராம்.

"போயிருக்கலாம்லா அண்ணாச்சி" என்றேன்.

"ரெண்டு தரம் எந்திரிச்சேன். மனசு வரல. பாத்துக்கிடுதேன்னு வாயால சொல்லிட்டேன்லா."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கவுன்ட்டருக்கு ஓடினேன். மாலை விமானம் நிறைந்துவிட்டது, இனி நாளை மதியம்தான் என்றார் அங்கிருந்த பெண். சொட்டச் சொட்ட நனைந்து வெறுங்காலோடு நின்று, தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார். கடைசியில், என் பயணத்தை மறுநாளைக்கு மாற்றிவிட்டு என் இடத்தை அண்ணாச்சிக்குக் கொடுக்கச் சம்மதித்தார்கள். திருவனந்தபுரத்தில் காத்திருக்கும் அவர் வீட்டாருக்குத் தகவல் சொல்லச் சொல்கிறோம் என்றும் சொன்னார்கள். அண்ணாச்சி கேட்கவே மாட்டேன் என்றார். "உங்க வீட்ல தேடுவாவ தம்பி." எனக்காக யாரும் வரவில்லை, திடீரென்று போய் நிற்கலாம் என்று தேதியே எழுதவில்லை என்று சொன்ன பிறகுதான் அரைமனதாக ஒத்துக்கொண்டார்.

ஆறு மணிக்கு அவர் போனார். மறுநாள் காலை மழை விட்டு, கண்ணாடிக்கு வெளியே பளிச்சென்று வெயில் அடித்தது. இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஊருக்கு வந்த பிறகும் மனது சரியில்லை. பத்து நாள் கழித்து ஜங்ஷனில் சீவலப்பேரி பஸ் ஏறினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது அவர் இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப்பக்கம் போயிருப்பதாக அவர் மனைவி சொன்னார். நான் யார் என்று சொன்னதும் அந்த அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்கதானா அது! வாங்க, உக்காருங்க. மழையில ப்ளேன் கிளம்பாம நின்னுட்டாம்லா. நீங்கதான் உங்க எடத்த விட்டுக்குடுத்து இவுகள அனுப்பி வச்சீகன்னு வாய் ஓயாம சொல்லுதாவ."

எனக்குப் புரிந்துவிட்டது. அவர் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்.

அக்கா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அன்றைக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். அண்ணாச்சியின் தமையனாரோடு வேன் பிடித்து, பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டு, விடிவதற்குள் கிளம்பிப் போயிருக்கிறார்கள். மூன்றரை மணிக்கு இறங்கிய விமானத்தில் வந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வர, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கடைசி ஆள் வந்து கதவையும் சாத்தியாகிவிட்டது. யாரும் எந்தத் தகவலும் சொல்லவில்லை. உள்ளே மைக்கில் ஏதாவது சொல்லியிருந்தாலும் வெளியே நின்றவர்களுக்கு எப்படிக் கேட்கும்? ஆறு மணிக்கு மேல் நிற்க மாட்டேன் என்று வேன்காரர் கிளப்பிவிட்டார்.

"நாகரோயில் தாண்டி, வள்ளியூர் தாண்டி, ஒருத்தரும் வாயத் தொறக்கல. முந்தின மாசந்தான் பக்கத்து ஊருக்கு, வெளிநாட்டுல செத்துப்போன ஒருத்தரப் பெட்டியில வச்சுக் கொண்டாந்தாவ. எனக்கு அதே நெனப்பு. இவ வேற, அப்பா எப்பம் வருவாவ, எப்பம் வருவாவன்னு கேட்டுக் கேட்டு மடியிலயே உறங்கிட்டா."

அண்ணாச்சி எட்டு மணிக்கு இறங்கியிருக்கிறார். வாசலில் யாரும் இல்லை. பஸ் மாறி மாறி, விடியும் நேரத்தில் தனியாக வீட்டுக்கு வந்திருக்கிறார். பிள்ளை கண் விழித்துப் பார்த்தால் வீட்டுக்குள் யாரோ ஒரு ஆள். அலறிவிட்டதாம். ஒரு வாரம் கிட்டவே போகவில்லையாம். "நேத்துதான் கையப் பிடிச்சா. அதான் இன்னைக்குத் தூக்கிட்டுப் போயிருக்காவ" என்றார் அக்கா.

அந்த நேரம் அவர் மகளோடு வந்துவிட்டார். என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர், மனைவியின் முகத்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, சொல்லாதீர்கள் என்பதுபோல் மெதுவாகத் தலையை ஆட்டினார். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அக்கா, ப்ளேன் சரியான நேரத்துக்குத்தான் கிளம்புச்சு. நான் கடல் பாக்கணும்னு எம் பெட்டிய இவங்ககிட்ட விட்டுட்டுப் போயிட்டேன். வர நேரமாயிட்டு. அதுக்குக் காவலா உக்காந்துதான் இவங்க ப்ளேன விட்டாங்க."

அக்கா கணவரைப் பார்த்து, "எங்கிட்ட எதுக்கு மறச்சீக?" என்றார்.

"சொன்னா நீ அந்தத் தம்பிய ஏசுவ."

"ஏசத்தான் செய்வேன்." என் பக்கம் திரும்பினார். "கடலா பாக்கப் போனீக?"

"ஆமாக்கா."

"இங்கனருந்து திருச்செந்தூருக்கு பஸ்ஸு ஓடுது தம்பி. அங்கனயும் கடலு கெடக்கு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணாச்சி ஏதோ சொல்ல வந்தார், அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். மன்னிப்புக் கேட்டேன். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். நான் எழுந்து செருப்பை மாட்டப் போனபோதுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எங்க கிளம்பியாச்சு? சோறு ஆயிட்டு. கோவம் எனக்கு இருக்கத்தான் செய்யும். அதுக்காவ வீடு தேடி வந்தவுக சாப்பிடாமப் போவாகளா?"

சாப்பிட்டேன். என் எதிரில் அண்ணாச்சி மகளுக்கு ஒரு வாய் சோற்றை நீட்டிக்கொண்டே இருந்தார். அது வாங்கவில்லை. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தது. அவர் கை நீட்டியபடியே இருந்தது. நான் இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அந்த விடுமுறை முடிந்து நாங்கள் இருவரும் வேறு வேறு நாளில் திரும்பிப் போனோம். அதன் பிறகு அவரைப் பார்க்கவில்லை. எனக்கும் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, நானும் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும்போது கம்பிக்கு அந்தப் பக்கம் என் பிள்ளைகள் ஓடி வந்ததுண்டு. அப்போதெல்லாம் எனக்கு உடனே சிரிப்பு வராது. நான் இல்லாமல் செய்துவிட்ட அந்தச் சின்னப் பெண்ணின் ஓட்டம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். இன்றைக்கும் பஸ் நிலையத்திலோ ஆஸ்பத்திரியிலோ யாரிடமாவது, "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், இதோ வந்துவிடுகிறேன்" என்று சொல்ல வாயெடுத்தால், அவர் எங்கே போகவேண்டும், அவருக்காக அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்காமல் என்னால் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடிவதில்லை.