ஐரிஷ்காரன் அணைச்ச விளக்கு

இதைச் சொன்னா நீங்கள் ஒரு மாதிரிப் பாப்பியள், பரவாயில்லை. எனக்குப் பேய் பிசாசில ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. ஜெர்மனியில வுப்பர்டாலுக்குக் கிட்ட ஒரு சேமக்காலையில, செத்த ஆக்களைப் புதைக்கிற இடத்தில, பதினைஞ்சு வருசமாப் புல்லு வெட்டிக் குப்பை கூட்டுறவன் நான், அதுகளுக்குப் பயந்தா என்ன எண்டு சீவிக்கிறது? எனக்கு மற்றப் பயங்கள்தான் கனக்க. அடுப்பு நூத்திட்டனோ எண்டு மூண்டுதரம் திரும்பிப் போய்ப் பாப்பன். தபால்பெட்டியில அரசாங்கத்தின்ர மஞ்சள் கடிதம் கிடந்தா நெஞ்சு இடிக்கும். வேலைத்தலத்துப் பொறுப்பாளன் ஊவே நெடுகச் சொல்லுவான், "டோனி, உனக்குச் செத்த ஆக்களுக்குப் பயமில்லை, உன்ர பிரஷர் மெசினுக்குத்தான் பயம்." என்ர பேர் அந்தோனி. மன்னாரில எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடம் விட்டனான். ஆனபடியா எழுத்தில பிழை இருந்தா குறை நினைக்காதேங்கோ.

எங்கட சேமக்காலையின்ர கடைசி மூலையில முதலாம் உலக யுத்தத்தில பிடிபட்டுச் செத்த கைதிகளின்ர கல்லுகள் இருக்கு. அதில ஒண்டு ஐரிஷ்காரன்ரை. வருசா வருசம் ஆத்துமாக்கள் திருநாளுக்கு அயர்லாந்தில இருந்து நோரா எண்டு ஒரு வயசான மனிசி வருவா. அவன்ர தங்கச்சியின்ர பேத்தி. முந்தி இஞ்ச படிப்பிச்சவவாம், டொச் பாசை நல்லாக் கதைப்பா. அவையின்ர பரம்பரையே பிறத்தி நாட்டு ராசாக்களுக்குச் சண்டை பிடிச்ச பரம்பரையாம். ஒராள் ஸ்பெயினில தளபதி, ஒராள் ஒஸ்திரியாவில பெரிய ஆள், அவைக்குச் சிலையும் இருக்காம். "இவனுக்கு இந்தக் கல்லு மட்டுந்தான்" எண்டு சொல்லிச் சிரிப்பா. இங்கிலீஷ்காரன்ர படையில வந்து பிடிபட்டு, இஞ்ச கைதியாக் கிடந்து செத்தவன்.

நாலு வருசத்துக்கு முந்தி நோராவுக்குக் கால் ஏலாமப் போச்சு. தன்ர பேரில அவன்ர கல்லடியில ஒரு விளக்கு வைக்கச் சொல்லி எனக்குப் போன் எடுத்தா.

இப்ப என்ர கதையைச் சொல்லவேணும். என்ர தம்பி ஜூட் ஊரில நடந்த கடைசிச் சண்டையில காணாமப்போனவன். கண்டவையும் இல்லை, செத்தவன் எண்டு சொன்னவையும் இல்லை. கார்த்திகை மாதம் எங்கட தமிழ்ப் பூசையில செத்த ஆக்களின்ர பேரை வாசிப்பினம், நாங்கள் தாளில எழுதிக் குடுக்கவேணும். அம்மா ஒருநாளும் ஜூட்டின்ர பேரை எழுத விட்டதில்லை. "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு விளக்குக் கொளுத்தினா அது அவனைச் சாகடிச்சுப்போடும். பழி உன்ரை" எண்டுவா. நோரா போன் எடுத்த அந்த வருசம் அவ இருதய வருத்தத்தோட ஆசுப்பத்திரியில. அவவும் போயிட்டா அவனுக்காகச் செபிக்க ஆரிருக்கினம் எண்டு எனக்கு ஒரே யோசினை, நித்திரை இல்லை. கடைசியில அம்மாவுக்குத் தெரியாமத் தாளில அவன்ர பேரை எழுதிக் குடுத்திட்டன். ரெண்டு விளக்கும் வாங்கினன். தம்பிக்குக் குழி எங்க இருக்கு? அந்த ஐரிஷ்காரனும் தூரதேசத்தில செத்த கத்தோலிக்கன்தானே, அவனுக்குப் பக்கத்தில வைப்பம் எண்டு நினைச்சன்.

ஆத்துமாக்கள் திருநாள் அண்டு பின்னேரம் நாலு மணியிருக்கும். நல்ல பனிப்புகார், காத்தே இல்லை. ஐரிஷ்காரன்ர விளக்கு லைட்டரின்ர ஒரு தட்டிலேயே பத்திச்சுது. தம்பியின்ரையும் பத்தினதுதான். ஓட்டை வைச்ச தகரமூடியைப் போட்டிட்டு இலை கூட்டத் திரும்பினன். திரும்பிப் பாத்தா மூடி பக்கத்தில கிடக்கு, விளக்கு நூந்திட்டுது. மூட மறந்திட்டன் எண்டுதான் நினைச்சன், அடுப்பையே மூண்டுதரம் பாக்கிற ஆள் எல்லோ. திரும்பக் கொளுத்தி, மூடியை அமத்திப் போட்டிட்டு, ரெண்டடி தள்ளி நிண்டன்.

நம்பினா நம்புங்கோ. கல்லடியில ஒராள் முழந்தாளில நிண்டார். எப்ப வந்தார் எண்டு தெரியாது. பழைய தடிச்ச கோட்டு, மெலிஞ்ச கழுத்து. ஆறுதலாத் தம்பியின்ர விளக்கின்ர மூடியைத் தூக்கிப் பக்கத்தில வைச்சார். ரெண்டு விரலை நாக்கில தொட்டு, திரியை நுள்ளி அணைச்சார். பூசை முடிய எங்கட கோயில் வேலை பாக்கிற சங்கிலித்தாம் மெழுகுதிரி அணைக்கிற மாதிரியே. பிறகு என்னைப் பாத்தார். கோவமில்லை. வேண்டாம் எண்டு ஒருக்காத் தலையாட்டினார், அவ்வளவுதான்.

"டோனி!" ஊவே வண்டிலோட வந்தான். "ரெண்டு விளக்கு, ஒண்டுதான் எரியுது. நெருப்புக்கும் சிக்கனமோ?"

நான் அவனைத் திரும்பிப் பாத்த அந்தக் கணத்துக்குள்ள மனிசனில்லை. ஊவே ஒருத்தரையும் காணேல்லையாம். "பிரஷர் குளிசை போட்டனியோ?" எண்டு கேட்டான். குனிஞ்சு திரியைத் தொட்டன். ஈரம்.

வீட்டை போற ரெயில் வருமட்டும் பொறுக்காம, எங்கட பங்குச் சுவாமியாருக்குப் போன் எடுத்து ஜூட்டின்ர பேரை வெட்டச் சொன்னன். அந்த விளக்கைக் கெல்லரில, வீட்டுக்குக் கீழ இருக்கிற அறையில, குளிர்கால டயருகளுக்குப் பின்னால ஒளிச்சு வைச்சன்.

அடுத்த வருசம் நோரா கோலோட வந்தா. நான் கண்டதைச் சொல்லாம, உங்கட ஆள் எப்பிடிப்பட்டவர் எண்டு மட்டும் கேட்டன். "சின்னனில பூசைக்கு உதவி செய்யிறவனாம், மெழுகுதிரியை விரலாலதான் அணைப்பானாம், தாய் நெடுகப் பேசுவாவாம்" எண்டா. பிறகு சொன்னா: "அவன் காணாமப்போன உடனை, தாய் வேண்டாம் வேண்டாம் எண்டு அழ அழ வீட்டார் செத்தவீட்டுப் பூசை வைச்சு விளக்குக் கொளுத்திப்போட்டினம். பிறகு அவன்ர கையெழுத்தில இஞ்ச இருந்து கடிதம் வந்தது, உயிரோட இருக்கிறன் எண்டு. அந்தக் குளிர்காலமே செத்துப்போனான். அந்த விளக்குத்தான் அவனைச் சாகடிச்சது எண்டு தாய் சாகுமட்டும் சொன்னவா."

நான் குனிஞ்சு ஐரிஷ்காரன்ர விளக்கை மட்டும் கொளுத்தினன்.

அம்மா ஆசுப்பத்திரியில இருந்து வந்து, ஒண்டும் அறியாமலே இந்த மாசியில போயிட்டா. போன கிழமை பூசைத் தாளில முதல்முறையா அவவின்ர பேரை எழுதினன். அதுக்குக் கீழ ஜூட் எண்டு எழுதினன், வெட்டினன், திரும்ப எழுதினன். இனி மறிக்க ஆருமில்லை, நான்தான் முடிவெடுக்கவேணும். ஏலாமக் கெல்லருக்கு இறங்கி, டயருக்குப் பின்னால இருந்த விளக்கை எடுத்து மூடியைத் திறந்தன். மூடிக்கு மேல நாலு வருசத் தூசி.

திரி இன்னும் ஈரம். இப்ப நுள்ளின மாதிரி.

மேல வந்து ஜூட்டின்ர பேரை வெட்டிப்போட்டுத் தாளைக் குடுத்திட்டன்.