வேறு தீவின் எழுத்தர்

நுகுநோனுத் தீவின் சபை எழுத்தர் லோசா. முப்பது வருஷமாக அவள்தான். கூட்டம் கூடினால் பெயர் வாசிக்க வேண்டும், தலை எண்ண வேண்டும், தூக்கிய கைகளை எண்ண வேண்டும், பேசியதை எழுத வேண்டும். அவள் எண்ணிச் சொன்ன பிறகு யாரும் மறுபடி எண்ணிப் பார்த்ததில்லை.

சபை மூன்று தீவுக்கும் பொது. தீவுக்கு ஏழு உறுப்பினர்கள். வருஷத்துக்கு ஒரு தீவு என்று முறைவைத்துக் கூடுவார்கள். நுகுநோனுவின் முறை மூன்று வருஷத்துக்கு ஒருதரம்தான் வரும். அந்த வருஷத்தில் மூன்று கூட்டம். அடாஃபுத் தீவின் தினியெலு உறுப்பினராகி ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் இங்கே ஒன்பது தடவை வந்திருக்க வேண்டும். கடல் விடாததால் இரண்டு கூட்டம் நடக்கவில்லை. இது ஏழாவது வருகை. இந்தக் கணக்கை லோசா எந்த ஏட்டிலும் எழுதவில்லை.

அவளுக்கு இருபது வயதிருக்கும்போது, கடற்சுவர் கட்ட அடாஃபுவிலிருந்து வந்த ஆட்களில் தினியெலுவும் ஒருவர். நான்கு மாதம் இருந்தார். சனிக்கிழமை ஆட்டத்தில் பெண்கள் ஆடும் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்து மரப்பெட்டியைத் தட்டுவார். அவர் தட்டும்போது மட்டும் லோசாவின் கைகள் தாளம் தப்பும். போவதற்கு முன் தன் மாமாவை அனுப்பிப் பெண் கேட்டார். லோசாவின் அப்பா கத்தோலிக்கக் கோயிலில் உபதேசியார். "எங்க கோயிலுக்கு வந்தா பேசலாம்" என்றார். அடாஃபு முழுக்கப் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். யாரும் இறங்கி வரவில்லை. சுவர் முடிந்தது, கப்பல் வந்தது, அவர் ஏறிப் போனார்.

பிறகு அவர் கல்யாணம் செய்துகொண்டார். மூன்று பிள்ளைகள். மனைவி இறந்து ஐந்து வருஷமாகிறது. லோசாவைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். அவள் வேண்டாம் என்றாள். இப்போது அவளுக்கு ஐம்பத்தாறு.

கூட்டத்துக்கு வரும்போது அவர் அவளிடம் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. சாயங்காலம் மண்டபத்தின் ஓரத்தில் எல்லோருக்கும் தேநீர் வரும். கோப்பையை எடுத்துக்கொண்டு அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார். எந்த மீன் எப்போது தூண்டிலை விட்டுப் போனது, எந்த முட்டி எப்போது பிடித்துக்கொண்டது என்று சொல்வார். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த அரைமணி நேரத்துக்காக அவள் மூன்று வருஷம் காத்திருப்பாள்.

அவள் அடாஃபுவைப் பார்த்ததே இல்லை. கப்பலில் நோயாளிகளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் போகத்தான் மற்றவர்களுக்கு இடம். உறவும் வேலையும் இல்லாத தீவுக்கு ஒரு பெண் தனியாகக் கிளம்பினால், அவள் இறங்குவதற்குள் மூன்று தீவும் பேசி முடித்திருக்கும்.

தீவுக்கு ஐந்து பேராவது ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தால்தான் சபை கூடியதாகும் என்பது விதி. முந்தைய வருஷம் மழை பொய்த்தபோது புதிய தண்ணீர்த் தொட்டிகளுக்கு அனுமதி தர வேண்டியிருந்தது. அலை கூடுதலாக இருந்ததால் அடாஃபுக்காரர்களைப் பவளப்பாறை தாண்டிக் கப்பலில் ஏற்ற முடியவில்லை. சபை கூடவில்லை. ஐந்து மாதம் குழந்தைகளுக்கு இளநீரில் கஞ்சி வைத்தார்கள்.

அதனால்தான் இந்தத் திருத்தம். தங்கள் தீவின் மண்டபத்தில் அமர்ந்து காணொளித் திரையில் தெரிபவர்களும் வந்தவர்களாகவே கொள்ளப்படுவார்கள். அவர்கள் வாக்கும் செல்லும். இனி உறுப்பினர்களுக்காகக் கப்பல் அனுப்பப்படாது. தட்டச்சு செய்தது லோசாதான். ஒரு பிழைகூட விழவில்லை. நல்ல திருத்தம் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

விவாதத்தில் முதலில் எழுந்தவர் ஃபகாஓஃபோத் தீவின் ஃபாவே.

"எல்லாம் சரி. அடாஃபுல அஞ்சு பேர் உக்காந்திருக்காங்கன்னு யாரு சொல்றது? அவங்க எழுத்தரா? மீன் பங்கு போடறப்ப பன்னிக்குட்டியையும் ஆளாச் சேத்து எண்ணுற ஊரு அது."

மண்டபம் சிரித்தது. தினியெலு முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"அது பன்னிக்குட்டி இல்ல ஃபாவே. உன் சித்தப்பா. விருந்துக்கு வந்திருந்தாரு."

இந்தத் தடவை ஃபாவேயும் சிரித்துவிட்டார்.

"ஆனா நீ கேக்கறது நியாயம்தான்" என்று தினியெலு தொடர்ந்தார். "எங்க எழுத்தர் என் தங்கச்சி மகன். ரெண்டு பேரை அஞ்சுன்னு எழுதுடான்னா எழுதிடுவான். அதனால ஒரு வரி சேத்துக்குவோம். திரையில வர்ற தீவுல தலை எண்ணறது வேறு தீவு எழுத்தரா இருக்கணும். ஒரு கப்பல்ல வந்து எண்ணிட்டு அடுத்த கப்பல்ல போகட்டும்."

"அடுத்த கப்பல் ரெண்டு வாரம் கழிச்சுல்ல வரும்?" என்றார் தலைவர் பெத்தெலோ.

"வரட்டுமே. எங்க ஊர்ல சோறு இருக்கு."

லோசா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாய் முடைந்துகொண்டிருந்த மாதர் குழுவின் சூலியா, ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"ரெண்டு வாரத்துக்குச் சோறு போடுறாராம் அக்கா. உப்பு எவ்வளவு போடுவாருன்னு இப்பவே கேட்டுக்க."

"சும்மா இருடி."

"நானா பேசறேன்? சபை பேசுது."

"லோசா, எழுதிட்டியா? வாசி" என்றார் பெத்தெலோ.

வாசித்தாள். 'வேறு தீவின் எழுத்தர்' என்ற இடத்தில் வரி தவறியது. மறுபடி வாசித்தாள். அடாஃபுவுக்குப் பக்கத்துத் தீவு நுகுநோனுதான். எந்த எழுத்தர் போவார் என்று மண்டபத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஃபாவே விடவில்லை. "கப்பல் வராததாலதானே இந்தத் திருத்தமே? எழுத்தருக்கு மட்டும் கடல் வழி விடுமா?"

"ஏழு கிழவனைப் பாறை தாண்ட வைக்கிறதும் ஒருத்தரைத் தாண்ட வைக்கிறதும் ஒண்ணாய்யா?" என்றார் தினியெலு.

சேர்க்கைக்குத் தனி வாக்கு. இருபத்தொரு பேரில் பதினான்கு கை வேண்டும். லோசா எழுந்து நின்று இடமிருந்து எண்ணினாள். அடாஃபுவில் ஏழு. ஃபகாஓஃபோவில் இரண்டு. தன் தீவில் நான்கு. பதிமூன்று.

கடைசி வரிசையில் எண்பது வயது லஃபாயெலேயின் கை காதுக்குப் பக்கத்தில் பாதி உயரத்தில் நின்றது. அவருக்குத் தோள் வலி. எப்போதும் அவ்வளவுதான் தூக்குவார். எப்போதும் அவள் அதை எண்ணிக்கொள்வாள். மற்றவர்கள் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினான்கு என்றால் பதினான்கு.

அவள் ஏட்டைப் பார்த்தாள். பிறகு தலை நிமிர்ந்தாள்.

"பெரியவரே, கை தூக்கியிருக்கீங்களா?"

"என்னது?"

"உங்க கை. இந்தச் சேர்க்கைக்கா?"

லஃபாயெலே தன் கையைத் தானே திரும்பிப் பார்த்தார். "ஈ ஓட்டினேம்மா. இப்ப எதுக்கு ஓட்டெடுப்பு?"

மண்டபம் மறுபடி சிரித்தது. சூலியா மட்டும் சிரிக்கவில்லை.

"பதிமூணு" என்றாள் லோசா.

சேர்க்கை விழுந்தது. அந்தந்தத் தீவின் எழுத்தரே எண்ணுவது என்று முடிவாகி, மூலத் திருத்தம் பத்தொன்பது கைகளோடு நிறைவேறியது.

மறுநாள் காலை அடாஃபுக்காரர்கள் படகுத்துறைக்கு வந்தார்கள். கப்பல் பாறைக்கு வெளியே நின்றது. லோசா கூட்டக் குறிப்பின் நகலைக் கொடுக்க வந்திருந்தாள். தினியெலு அதை வாங்கி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சட்டைக்குள் வைத்தார்.

"கேக்காம எழுதியிருக்கலாம்" என்றார்.

"எழுதியிருக்கலாம்."

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எழுதிட்டு வந்தா, அங்க எந்த முகத்தோட உங்க தலையை எண்ணுவேன்?"

அந்த வரியை அவர் எதற்காகச் சேர்க்கச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. முப்பத்தாறு வருஷத்தில் இதுதான் அவர்கள் மிக நெருங்கிப் பேசிய பேச்சு. அவள் அதை அப்படியே வைத்துக்கொள்ள நினைத்தாள்.

"திரையில என் முகம் சரியாத் தெரியாதுன்னு சொல்றாங்க" என்றார்.

"குரல் கேக்கும்."

"அதுவும் விட்டுவிட்டுத்தான் கேக்குமாம்."

படகிலிருந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவள் கை நீட்டவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை கொடுத்தார்கள். படகு பாறையில் வெட்டிய வாய்க்கால் வழியாக வெளியே போனது. ஒரு அலையில் மறைந்து, மறுபடி மேலே வந்தது.

தட்டச்சு வேலை காத்திருந்தது. இருந்தாலும் படகு கப்பலைச் சேரும்வரை அவள் துறையிலேயே நின்றாள். ஏணியில் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். அவ்வளவு தூரத்திலிருந்தும் ஏழு பேர் என்று எண்ண முடிந்தது. அவர் யார் என்றுதான் தெரியவில்லை.