அணைக்கக் கூடாத கணினி

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அக்கா என்று அழைப்பவரின் கணினியில், அணைக்கும் பொத்தானை மறைத்து ஒரு மஞ்சள் டேப் ஒட்டியிருக்கும். அதன் மேல் தடித்த கறுப்பு மையில் ‘ஜாங்ஙான் தூத்தூப்’ என்று எழுதியிருக்கும். மலாயில், அணைக்காதே என்று அர்த்தம். டேப்பின் ஓரங்கள் அழுக்கேறிச் சுருண்டு கிடக்கும். சுருண்ட இடத்தை அக்கா அவ்வப்போது கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிடுவார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குக் காட்டிய பொருள்களில் கழிவறைச் சாவிக்கு அடுத்தபடி முக்கியமானது அந்த டேப்தான். துப்புரவு செய்ய வரும் பெண்மணிகூட அந்த மேசையை மட்டும் துடைக்காமல் சுற்றிக்கொண்டு போவார்.

ஜோகூர் பாருவில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். புதிதாக எழும் வீடமைப்புப் பகுதிகளுக்குச் சாலை, வடிகால், கழிவுநீர்க் குழாய் வரைபடங்களைத் தயாரித்து நகராட்சிக்குக் கொடுப்பது வேலை. நான் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்த கையோடு வந்திருந்தேன். அப்பா சாஆ என்ற சிற்றூருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டியவர். அம்மா பேருந்தின் நிறத்தைப் பார்த்து ஏறுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்து வெளியே வந்த முதல் ஆள் நான். சான்றிதழைக் கண்ணாடி போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். மகள் கம்ப்யூட்டரில் கோடு போடுகிறாள் என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். கோடு போடுவதற்கா இத்தனை வருடம் படித்தாள் என்று ஒருவர் கேட்டபோது, “நேரா போடுறா” என்று பதில் சொன்னாராம். அந்தப் பெருமையோடுதான் நான் அக்காவின் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தேன். அவர் என் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. டிப்ளோமா என்றே கூப்பிட்டார்.

எங்கள் தொழிலில் அம்மா சொன்ன அந்தக் கோட்டுக்குத்தான் எல்லா மதிப்பும். தாளில் ஒரு குழாயை இன்னொரு குழாயிலிருந்து பிரித்துக் காட்டுவது கோடு ஒன்றே. முழுக்கோடு என்றால் புதிதாகப் போடப்போவது. விட்டுவிட்டு வந்தால் ஏற்கெனவே மண்ணுக்குள் இருப்பது, அதன் மேல் கைவைக்கக் கூடாது. இடையிடையே சின்ன வளைவு வந்தால் கழிவுநீர். ஆனால் வரைபடத்துக்குள் அந்தக் கோட்டின் பெயர் மட்டும்தான் இருக்கும். அதன் உருவம் தனியாக வேறொரு கோப்பில் இருக்கும், எழுத்துருவும் அப்படித்தான். தாளில் அச்சிடும் கணினிக்கு அந்தக் கோப்பு கிடைக்காவிட்டால் அது நின்று கேட்காது. வெறும் முழுக்கோடாகப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். எழுத்துக்கும் கையில் கிடைத்த வேறொரு எழுத்தைப் போட்டுவிடும். பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும்.

அலுவலகத்தின் கோடுகள் எல்லாவற்றையும் உருவாக்கியவர் அக்கா. மெர்சிங்கில் மீன் சந்தைக்குப் பின்னால் வளர்ந்து, ஐந்தாம் படிவப் பள்ளிப் படிப்போடு இங்கே வந்து, வேலை செய்துகொண்டே பழகியவர். அந்தக் கோப்புகள் அவருடைய கணினியில் மட்டும் இருந்தன. ஆகவே நாங்கள் எல்லோரும் எங்கள் மேசையில் வரைந்துவிட்டு, அச்சிடும்போது அவருடைய கணினி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். அதனால்தான் அது அணையக் கூடாது. ஒவ்வொரு தாளுக்கும் அவர் எழுந்து, பெரிய தாள்களை அச்சிடும் பிளாட்டருக்குப் போய் வருவார். அவருடைய மதியச் சோறு எப்போதும் ஆறிப்போய்த்தான் இருக்கும். வேலை போகாமல் இருப்பதற்காகவே அக்கா கோடுகளைப் பூட்டி வைத்திருக்கிறார் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். சீனரான எங்கள் முதலாளிக்கும் அதே எண்ணம். அக்கா காதில் விழாதவர்போல ஆறிய சோற்றைச் சாப்பிடுவார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் மின்சாரம் போய் வந்தது. அக்கா அன்று உடம்பு சரியில்லை என்று வரவில்லை. கைப்பேசியையும் அணைத்து வைத்திருந்தார். அவர் கணினி கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நின்றது. அன்று மாலைக்குள் யோங் பெங் பக்கம் வரவிருந்த ஒரு வீடமைப்புத் திட்டத்தின் வரைபடங்கள் நகராட்சிக்குப் போயாக வேண்டும். முதலாளி எந்தக் கணினியிலிருந்தாவது அச்சடியுங்கள் என்றார். அடித்தோம். பழைய குழாய், புதுக் குழாய், கழிவுநீர், மழைநீர் எல்லாம் ஒரே முழுக்கோடாக வந்தன. எங்களோடு வேலை செய்த ஓர் அண்ணன், எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பவர், தாளைப் பார்த்துவிட்டு, “அக்கா லீவு போட்டா குழாயெல்லாம் ஒண்ணுமண்ணா ஆயிருதுலா” என்றார். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். தவறான எழுத்தை மறைக்கத் தடவும் வெள்ளை மையைக் கீழ்க்கடையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தோம். முழுக்கோட்டின் மேல் இடைவெளி விட்டுவிட்டு வெள்ளைப் புள்ளி வைத்து, விட்டுவிட்டு வரும் கோடாக்கினோம். கணக்காளரும் உட்கார்ந்து புள்ளி வைத்தார். அலுவலகம் முழுக்க அந்த மையின் வாடை. டிப்ளோமா படித்த நான் ஒரு சின்னத் தூரிகையால் குழாய்களை வெட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி எங்கள் உழைப்பைப் பாராட்டி எல்லோருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் வாங்கிக் கொடுத்தார். மறுநாளே நகராட்சி அதிகாரி நகத்தால் ஒரு புள்ளியைச் சுரண்டிப் பார்த்து, கட்டு மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

அக்கா வந்து அந்தத் தாள்களைப் பார்த்தார். முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பின்கட்டில் தண்ணீர் காய்ச்சும் இடத்துக்குப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவே இல்லை. நான் பின்னால் போனேன். அவர் உதடு வெளுத்திருந்தது. கர்ப்பப்பையில் கட்டி, மாதக்கணக்கில் இரத்தப்போக்கு, அரசாங்க மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று சுருக்கமாகச் சொன்னார். முதல் தடவை சேர்க்கைக்காக முகப்பில் காத்திருந்தவரை அச்சு வரவில்லை என்று அலுவலகத்திலிருந்து அழைத்துவிட்டார்கள். இரண்டாவது தடவை நகராட்சிக்கான தேதி மாறியது. விடுப்பு நாளை மாற்றிக்கொள்ள முடியுமா என்று முதலாளி கேட்டார், இவரும் மாற்றினார். கட்டி என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆண்கள் நிறைந்த இடத்தில் எப்படிச் சொல்வது?

“இந்தத் தடவையும் போகலனா என் பேர வரிசையில கடைசிக்குத் தள்ளிருவாங்க. அதுவரைக்கும் இந்த உடம்புல ரத்தம் இருக்கணுமே” என்றார்.

கோடுகளைப் பொதுவில் வைக்கச் சொல்லி அவர் முதலாளியிடம் வருடக்கணக்கில் கேட்டு வந்திருக்கிறார் என்பதும் அன்றுதான் தெரிந்தது. இந்தத் திட்டம் முடியட்டும் என்பதே எப்போதும் பதில். திட்டங்கள் முடிவதே இல்லை. எல்லாக் கணினியும் ஒரே இடத்திலிருந்து எழுத்தையும் கோட்டையும் எடுக்கும்படி செய்ய எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன் என்றேன். சொல்லும்போதே ஒன்று உறுத்தியது. அதையும் சொன்னேன்.

“அப்படிச் செஞ்சா உங்கள யாரும் தேட மாட்டாங்கக்கா.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “தெரியும் டிப்ளோமா. அப்புறம் என்னைய வேணாம்னும் சொல்லுவாங்க. அதுக்காக இப்படியே ரத்தம் கொட்டிக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா? செய்.”

மதிய இடைவேளைகளில் செய்தோம். அவருடைய கோப்புகளை அலுவலகத்தின் பொதுச் சேமிப்புக்கு மாற்றினேன். கோடுகளுக்கு அவர் வைத்திருந்த பெயர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கழிவுநீர்க் குழாய்க்கு முறுக்கு. தண்ணீர்க் குழாய்க்கு இடியாப்பம். வேலிக்கு நண்டு. எல்லாம் ஆங்கில எழுத்தில். பசி நேரத்தில் பெயர் வைத்தது என்றார். நல்ல பெயராக மாற்றிவிடலாமா என்று கேட்டேன். பழைய வரைபடங்கள் முறுக்கைத்தான் தேடிக்கொண்டு வரும், கிடைக்காவிட்டால் முழுக்கோடாகிவிடும் என்று அவர் சொல்வதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. அப்படியே விட்டோம்.

முதல் சோதனையில் என் கணினியில் எல்லாம் அழகாக வந்தன. மற்றக் கணினிகளில் ஒன்றுகூட வரவில்லை. பொதுச் சேமிப்பை என் கணினி ஓர் ஆங்கில எழுத்தால் அழைத்தது, அண்ணனுடையது வேறோர் எழுத்தால் அழைத்தது. நான் என் எழுத்தையே எல்லாவற்றுக்கும் முகவரியாகக் கொடுத்திருந்தேன். அதைச் சேமிப்பின் சொந்தப் பெயருக்கு மாற்றினேன். பிறகு எழுத்துருவில் சிக்கல். அக்காவின் எழுத்துக் கோப்பும் சிங்கப்பூர் வாடிக்கையாளர் ஒருவரின் கோப்பும் ஒரே பெயரில் இருந்தன. கணினி எதை முதலில் கண்டதோ அதை எடுத்துக்கொண்டது. ஒரு தெருவின் பெயர் பக்கத்து வீட்டு மனைக்குள் போய் விழுந்தது. எங்கள் கோப்புறையை முதலிலும் அவர்களுடையதைப் பிறகும் தேடும்படி வரிசைப்படுத்தினேன். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அக்கா தன் கணினியில் ஒரு தாளும் வேறொரு கணினியில் அதே தாளும் அடித்து, இரண்டையும் சன்னல் கண்ணாடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெயிலில் பார்ப்பார். கோட்டின் மேல் கோடு, இடைவெளியின் மேல் இடைவெளி விழ வேண்டும். கையைத் தூக்கிப் பிடித்து நிற்க அவருக்கு முடியவில்லை. நான் பிடிப்பேன், அவர் மூக்கு உரச நின்று பார்ப்பார். இல்லை என்று தலையசைத்தால் மறுபடி முதலிலிருந்து. அந்த நாள்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கைவலிதான்.

அவர் மருத்துவமனையில் சேரும் முன்பு கடைசியாகச் சொன்னது, “என் கம்ப்யூட்டர அணைச்சிரு. பாவம், அதுவும் தூங்கட்டும்” என்பதுதான்.

அறுவைச் சிகிச்சை நாளிலேயே, முறைவைத்ததுபோல, யோங் பெங் வரைபடங்களுக்கு நகராட்சி புதுத் தேதி கொடுத்திருந்தது. நான் காலையில் டேப்பை உரித்தேன். பொத்தானை அழுத்தினேன். முதலாளி அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். தெரியும் என்றேன். அண்ணனின் கணினியிலிருந்து முதல் தாளை அனுப்பினேன். பிளாட்டரின் வாயிலிருந்து தாள் மெல்ல இறங்கியது. பழைய குழாயின் கோடு விட்டுவிட்டு வந்தது. கழிவுநீருக்கு வளைவும் வந்தது. கட்டு முழுவதும் மதியத்துக்குள் முடிந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

மறுநாள் பிற்பகல் அக்காவே அழைத்தார். குரல் தூக்கத்துக்குள்ளிருந்து வந்தது.

“என்ன, ஒருத்தரும் கூப்பிடல? ஆபிஸ் தீப்பிடிச்சிருச்சா?”

“இல்லக்கா. முறுக்கு முறுக்காவே வந்துச்சு.”

 “அப்ப நான் தூங்குறேன்” என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

அவர் திரும்பி வந்தபோது முகத்தில் நிறம் வந்திருந்தது. மேசையில் யாரும் வந்து நிற்கவில்லை. சோற்றைச் சூடாகச் சாப்பிட்டார். அடுத்த ஆண்டு திட்டங்கள் குறைந்து ஆள்களைக் குறைத்தபோது அவர் பெயர் முதலிலேயே வந்தது. நான் அழுதேன், அவர் அழவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்வருகிறேன் என்று என்னிடமும் அண்ணனிடமும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார், தூக்குவதற்கு உடம்பில் தெம்பு இருந்தது. இப்போது மெர்சிங்கில், தீவுகளில் சின்னத் தங்கும் விடுதி கட்டுபவர்களுக்கு வரைந்து கொடுக்கிறார். உடம்பு நன்றாக இருக்கிறது. எப்போதாவது பேசுவோம், வேலையைப் பற்றி அல்ல.

நான் இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறேன். பொதுக் கோப்புறை என் பொறுப்பு. சிங்கப்பூரிலிருந்து வரும் பொறியாளர்கள் கோடுகளின் பட்டியலில் முறுக்கைப் பார்த்து இது என்ன தரநிலை என்று கேட்கிறார்கள். எங்கள் தரநிலை என்கிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் சோர்வும் உண்டு. தீர்த்துவிட்டோம் என்று நினைத்தது வேறு வடிவத்தில் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. எந்த நிறம் எவ்வளவு தடிப்பாக அச்சாக வேண்டும் என்ற ஒரு புதிய அமைப்பை அவசரத்தில் என் கணினியில் மட்டும் செய்து வைத்திருந்தேன், எல்லோரும் அதன் வழியாகவே அச்சிட வேண்டியிருந்தது. இந்தத் திட்டம் முடியட்டும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். தீபாவளி விடுப்புக்குக் கிளம்பும் நாளில் காப்பி போட்டுக்கொண்டு வந்து பார்த்தால், என் கணினியின் பொத்தான் மேல் ஒரு டேப். புதிதாகச் சேர்ந்தவர் யாரோ நல்ல எண்ணத்தில் ஒட்டியிருக்கிறார். அதே இரண்டு மலாய்ச் சொற்கள். இந்த முறை டேப் வெள்ளை.

சாஆவில் அம்மா முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருப்பார். பேருந்தை விட்டுவிட்டு அடுத்ததில் வருவதாக அவரிடம் போனில் சொன்னேன். அந்த அமைப்பைப் பொதுக் கோப்புறைக்கு மாற்றி, அண்ணனின் கணினியிலிருந்து ஒரு தாளும் என்னுடையதிலிருந்து ஒரு தாளும் அடித்தேன். சன்னல் கண்ணாடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பிடித்தேன். கை வலித்தது. கோட்டின் மேல் கோடு விழுந்தது. வந்து டேப்பை உரித்து, பொத்தானை அழுத்தினேன். உள்ளே விசிறி சுற்றி ஓய்ந்தது. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.