நைலான் தாலி

போன வாரம் ஈப்போவில் ஒரு பேரங்காடியின் மாடியில் இருக்கிற கித்தார் கடைக்குள் போனேன். நானாகப் போகவில்லை. என் அண்ணன் மகள் மல்லிகா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நாற்பதைத் தாண்டியவள், பாலர் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரக் கித்தார் பழகணும் என்று இந்த வயதில் ஓர் ஆசை.

"துணைக்கு வாங்க அத்தே. தனியா போனா பேசியே விலை கூடுனதைத் தலையில கட்டிருவான்" என்றாள்.

என்னைத் துணைக்குக் கூட்டிப் போவதே ஒரு வேடிக்கை. கடைக்குள் போனால் வாயே திறக்க மாட்டேன். அவள் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டு ஓர் ஓரமாக நிற்பேன். நான் நிற்பது பல கடைக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது.

அங்கே இருந்த சீனப் பையன் மரியாதையானவன். விலை குறைவாக, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்ற மாதிரி ஒன்று வேணும் என்று மல்லிகா கேட்டதும், மூன்றை எடுத்து வைத்தான். மல்லிகாவின் கண் நீலக் கலரில் பளபளத்த ஒன்றின் மேல் போனது. அதில் இரும்புக் கம்பி. "இது விரல் வலிக்கும் டீச்சர். கிளாசிக்கல் எடுங்க, நைலான், மெத்துனு இருக்கும்" என்று மலாயும் ஆங்கிலமுமாகக் கலந்து சொன்னான். அவள் நீலத்தையே தடவிக்கொண்டிருந்தாள். அவன் நைலான் கித்தாரை என் கையில் கொடுத்துவிட்டு அவளைக் கவனிக்கப் போய்விட்டான்.

விலைச்சீட்டைத் தேடுகிறவள் மாதிரி குனிந்து, கித்தாரின் வட்டப் பொந்துக்குள் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். பச்சைப் பலகை வாசம். வார்னிஷ். கொஞ்சம் பசை. ஒரு வாசம் மட்டும் இல்லை. புளித்த நாற்றம். அது எப்படிப் புதுக் கித்தாரில் இருக்கும் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். ஆனாலும் கித்தார் என்றால் என் மூக்குக்கு அந்தப் புளித்த நாற்றம்தான்.

நான் பிறந்தது சுங்காய் பக்கம் ஒரு தோட்டத்தில். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மறு வருஷமே கித்தா மரம் வெட்டப் போய்விட்டேன். ரப்பரை நாங்கள் கித்தா என்போம். மரத்தில் வெட்டின கோட்டிலும் மங்குக் கிண்ணத்தின் அடியிலும் பால் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதை உரித்துச் சாக்கில் கட்டினால் ஒட்டுப்பால். செத்த எலி பக்கத்தில் கிடந்தால்கூடத் தெரியாது, அப்படி நாறும். அந்த ஒட்டுப்பால் காசை மட்டும் அப்பா கேட்க மாட்டார். அதில் கித்தார் வாங்கலாம் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் கிராணி வீட்டுப் பெண்.

கிராணி, தோட்ட ஆபீஸ் கணக்கர், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மகள் ஈப்போவில் படித்தாள், விடுமுறைக்கு வருவாள். பால் வாளியை இறக்கிவிட்டு அவர்கள் வீட்டு வேலி ஓரமாகத்தான் திரும்பி வரணும். அவள் உள்ளே உட்கார்ந்து கித்தார் வாசிப்பாள். நான் செருப்பில் ஏதோ குத்தினவள் மாதிரி குனிந்து நின்று கேட்பேன். ஒரு நாள் ஜன்னலுக்கு வந்து, "கேக்க விருப்பமெண்டால் உள்ளுக்கு வாருமன்" என்றாள். நல்ல பிள்ளை. நான் ஓடி வந்துவிட்டேன். அதற்கப்புறம் விடுமுறை விட்டாலே வேறு வழியாகச் சுற்றி வருவேன். என் கூச்சம் எனக்குக் கெடுத்தவற்றில் அது ஒன்று.

எனக்கு ஒரே அண்ணன், முருகையா. தோட்டத்து இசைக்குழுவில் இருந்தான். அவனுக்குக் கித்தாரில் தெரிந்தது மூன்று நாலு பிடிதான், அதை வைத்தே எல்லாப் பாட்டையும் ஒப்பேற்றிவிடுவான். அவனிடம் மட்டும் ஆசையைச் சொன்னேன். தனக்கு வாங்குவதாக அப்பாவிடம் சொன்னான். தீபாவளிக்குத் துணி எடுக்கும் சாக்கில் இரண்டு பேரும் பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனோம்.

பழைய டவுனில் ஓர் இருட்டுக் கடை. கடை முதலாளியான சீனத் தவுக்கே பனியனும் அரைக்கால் சிலுவாருமாக உட்கார்ந்திருந்தார். அண்ணனுக்கு இரும்புக் கம்பி போட்ட சிவப்புக் கித்தார் பிடித்தது. யார் பழகப் போகிறார்கள் என்று தவுக்கே கேட்டார். அண்ணன் என்னைக் காட்டினான். அவர் சிரிக்கவில்லை. தேயிலைத் தண்ணி நிறத்தில் சும்மா கிடந்த ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார்.

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நேராக இருக்கிறதா பார் என்றார். மரத்தில் வெட்டுக்கோடு சரியாக இறங்குகிறதா என்று தினமும் பார்க்கிறவளுக்கு அதிலே என்ன கஷ்டம். ஒவ்வொரு கட்டமாக அழுத்தி மீட்டிப் பார், எங்கேயாவது வண்டு மாதிரி இரைந்தால் அதை எடுக்காதே என்றார். கம்பி பலகையை விட்டு ரொம்ப உயர நின்றால் பழகும்போதே வெறுத்துப் போகும் என்றார். மற்றபடி விலை கூடினது வேண்டாம், இது போதும். எல்லாம் அவருடைய உடைந்த மலாயில். கடைசியாகக் கேட்டார்: "தாலி அப்பா மாவு?"

மலாயில் தாலி என்றால் கயிறு, கம்பி. என்ன கம்பி வேண்டும் என்கிறார். அண்ணன் விடுவானா.

"எனக்கில்ல தவுக்கே, தங்கச்சிக்கு. அவளுக்கு மாப்பிள்ளையே இன்னும் பாக்கல, நீ தாலி என்னான்னு கேக்குறியே."

தவுக்கேவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் துணிப்பையால் முகத்தை மூடிக்கொண்டேன். அப்புறம் எங்கள் வீட்டில் அது நைலான் தாலி ஆகிவிட்டது. "உன் நைலான் தாலி எங்கடி?" என்பான். கிளம்பும்போது தவுக்கே விரலை நீட்டி ஒன்று சொன்னார். இந்தக் கித்தாருக்கு இரும்புத் தாலி மாட்டாதே, மாட்டினால் கம்பி கட்டுகிற அடிக்கட்டையைப் பிடுங்கிவிடும். அண்ணன் சரி சரி என்றான்.

சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தோம். அப்பா ஒரு பார்வை பார்த்தார். "கித்தா வெட்டுற கைக்குக் கித்தாரு எதுக்குடா?" என்று அண்ணனைக் கேட்டுவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

காலையில் வெட்டு, மத்தியானம் குளியல், அப்புறம் வரிசையாகக் கட்டின லயத்து வீட்டின் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு கித்தார். நைலானுக்குச் சின்னச் சத்தம். பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. எனக்கென்றே செய்த சத்தம் என்று நினைப்பேன். ரேடியோவில் கேட்ட பாட்டை ஒவ்வொரு விரலாகத் தேடிப் பிடிப்பேன். யார் முன்னாலும் வாசித்ததில்லை. அண்ணன் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டு, "ரெண்டாவது அடி தப்பு" என்பான். தப்பு அவனுடைய காதில்தான்.

கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாப்பிள்ளை வந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒன்றே ஒன்றை மட்டும் அண்ணனை விட்டுக் கேட்கச் சொன்னேன், கித்தாரைக் கூடக் கொண்டு வரலாமா என்று. "கொண்டு வரட்டும், அதுக்கென்ன" என்று அவர் சொன்னதாக அண்ணன் வந்து சொன்னான். அன்றைக்கு ராத்திரிச் சோறு எனக்கு இரண்டு தரம் இறங்கியது.

கல்யாணத்துக்கு அண்ணன் குழுதான் கச்சேரி. அவர்களுடைய கித்தார் கழுத்து முறிந்து கிடந்தது. என்னுடையதை எடுத்திருக்கிறான். நைலான், டிரம் சத்தத்தில் எடுபடாது என்று இரும்புக் கம்பி மாட்டிவிட்டான். என்னிடம் சொல்லவில்லை. மணவறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவள் ஓரக்கண்ணால் பார்த்தேன். என் கித்தார் பளபளவென்று மின்னியது. வாய் திறந்து சொல்லலாமா? கல்யாணப் பெண். அதுவும் நான்.

தாலி ஏறியது. பந்தி போட்டார்கள். கச்சேரி தொடங்கியது. மூன்றாவது பாட்டில் கம்பி ஒன்று பட்டென்று அறுந்து அண்ணன் கன்னத்தில் அடித்தது. டிரம் அடித்தது பக்கத்து மலாய்க் கம்பத்து யூசோப். அண்ணனுக்கு ரொம்ப நாள் சினேகிதன், எங்கள் வீட்டில் பசியாறுகிறவன். பாட்டு நின்றதுக்குக் காரணம் சொல்லணுமே என்று மைக்கை இழுத்து அவன் பாஷையில் சொன்னான்.

"தாலி பூத்தூஸ்! தாலி பூத்தூஸ்!"

கம்பி அறுந்துவிட்டது. அவ்வளவுதான் அவன் சொன்னது. தென்னை மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி அதைத் தோட்டம் முழுக்கச் சொன்னது.

அப்புறம் ஒரே சிரிப்பு. "இப்பத்தானடா கட்டுனாங்க, அதுக்குள்ளயா?" என்று பந்தியிலிருந்து யாரோ கத்த, மறுபடியும் சிரிப்பு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன். அப்போது என் மாமியார் சாப்பிட்ட இலையை மூடிவிட்டு எழுந்தார்.

அண்ணன் ஓடி வந்தான். "அத்தே, கித்தாரு கம்பியச் சொன்னான். மலாய்ல தாலின்னா கயிறு."

"தெரியும்பா. எனக்கு மலாய் தெரியாதா?" என்றார். உண்மைதான். பாசாரில் மீன்காரனிடம் அவர் மலாயில் பேரம் பேசினால் அவனே விட்டுக்கொடுத்துவிடுவான். "அவன் என்ன சொன்னான்னு தெரியும். என் காதுல விழுந்தது என்னா?"

மூடின இலையைத் தாண்டிப் பந்தியை விட்டு வெளியே வந்தார்.

"அந்தச் சனியன் என் வீட்டுப் படி ஏறக் கூடாது."

சாயங்காலம் வேனில் என் பெட்டி ஏறியது, பாய் ஏறியது, பித்தளைக் குடம் ஏறியது. கித்தார் தென்னை மரத்தில் சாய்ந்திருந்தது. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வேன் கதவின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே, "அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அந்த அப்புறம் வரவேயில்லை.

முதல் தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது கித்தார் சுவரில் தொங்கியது. தவுக்கே சொன்ன மாதிரியே அடிக்கட்டை பெயர்ந்திருந்தது. கித்தாத் தோட்டத்துக்காரன் வேறு எதைத் தேடுவான்? அண்ணன் கித்தாப் பாலை ஊற்றி ஒட்டி வைத்திருந்தான். நல்லாத்தான் ஒட்டியிருந்தது. ஆனால் கம்பியை முறுக்க முறுக்கக் கட்டை மெதுவாக நகர்ந்தது. கித்தாப் பால் அப்படித்தான், விட்டும் போகாது, பிடித்தும் நிறுத்தாது. இழுக்கிற பக்கம் கூடவே போகும். பொந்துக்குள் மோந்தால் அதே ஒட்டுப்பால் புளிப்பு. என் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டேன். கெட்ட மனுஷன் இல்லை. கித்தாப் பால்.

அதற்கப்புறம் வீட்டில் எது நடந்தாலும் மாமியாருக்கு ஒரே பேச்சுதான். எனக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. "அன்னைக்கே மைக்குல சொன்னாங்களே." தோட்டத்தை வித்து எங்களை வெளியே அனுப்பினார்கள், ஜெலாப்பாங்கில் அடுக்குமாடிக்கு வந்தோம். "அன்னைக்கே மைக்குல சொன்னாங்களே." என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் முறிந்தபோதும் அதுதான். தோட்டம் விற்பதை எந்த மைக்கில் சொன்னார்கள் என்று கேட்க எனக்குத் தெரியும். கேட்க வாய் வரவில்லை.

இருபது வருஷத்துக்கும் மேலாகி, என் வீட்டுக்காரர் ஃபாக்டரியில் வேலை பார்க்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். பொணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாமியார் அதையே சொன்னார். கூன் விழுந்து, பல் கொட்டி, கண் மங்கியும் அந்த ஒரு வரி மட்டும் அப்படியே இருந்தது. வந்திருந்த பெண்கள் தலையாட்டினார்கள். என் கழுத்திலிருந்து கழற்றினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அடக்க முடியாமல் சிரிப்பு வரப் பார்த்தது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

யூசோப் வந்திருந்தான். தலை நரைத்துப் போயிருந்தது. உள்ளே வராமல் கீழே பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். கக்கா என்று அக்கா முறை வைத்து, மன்னிச்சிரு என்று மலாயில் சொன்னான். நான் கித்தாரைத்தான் சொன்னேன் என்றான்.

"தாவு லா" என்றேன். தெரியும்டா. எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்தே நடந்ததுதான் அது.

மல்லிகாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் அப்பா சொல்லவில்லை. அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். கடையில் அவள் திரும்பி, "அத்தே, நீலமா, இதுவா?" என்று கேட்டாள். "இது போதும்மா" என்றேன். என் விரல் அதற்குள் ஒவ்வொரு கட்டமாக அழுத்திப் பார்த்திருந்தது. எங்கும் இரையவில்லை. பணம் கட்டினாள். கம்பி ஒரு செட்டு கூட வாங்கிக்கொள்ளச் சொன்னான் பையன்.

"ஸ்ட்ரிங், ஆண்ட்டி. நைலான் ஸ்ட்ரிங்" என்று உறையை எடுத்துக் காட்டினான். பக்கத்தில் நின்ற மலாய்க்காரப் பிள்ளை ஒருத்தியும் ஸ்ட்ரிங் என்றுதான் கேட்டாள். மல்லிகாவும் அதையே சொன்னாள். இன்னொரு சொல் வரும் என்று நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை.

எங்கள் தோட்டம் இப்போது செம்பனை. லயம் இல்லை, ஒலிபெருக்கி கட்டின தென்னை இல்லை, இலையை மூடிவிட்டு எழுந்தவரும் இல்லை. கித்தார் கடையில் அந்தச் சொல்லும் இல்லை. போகிறதுதான் போனது, ஓர் ஐம்பது வருஷம் முன்னாலேயே போயிருக்கலாம்.